லைன் வீட்டுக்கு ஒரு குழி

பல்லடம் ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு சந்தில், பழைய நிட்டிங் ஷெட் ஒன்றை எட்டு ரூமாகத் தடுத்து வாடகைக்கு விட்டிருக்கிறார் எங்கள் ஓனர். அதில் மூன்றாவது கதவு எங்களுடையது. குழாய் பொது, கக்கூஸ் பொது, அடுத்த ரூமில் என்ன குழம்பு என்பதும் பொது. தெற்கேயிருந்து பிழைக்க வந்த நாளிலிருந்து இந்த மாதிரி லைன் வீடுகளில்தான் குப்பை கொட்டுகிறேன். பனியன் கம்பெனியில் நான் ஓவர்லாக் டெய்லர், என் வீட்டுக்காரர் அயர்னிங், மகள் பிளஸ் டூ.

போன தை மாதம் மாநகராட்சிக்காரர்கள் வந்து சுவரில் நோட்டீஸ் ஒட்டினார்கள். மெஷின் ஓட்ட அனுமதி வாங்கிய கட்டடத்தில் ஆட்களைக் குடிவைத்திருப்பதாகப் புகார் வந்திருக்கிறதாம். வார்டு ஆபீசில் விசாரணை, ஓனரும் குடியிருப்பவர்களும் வர வேண்டும். பரீட்சை மாசியில். இந்த ஊரில் வீடு தேடுவது எப்படி என்று எனக்குத் தெரியும். எந்த ஊர், எத்தனை பேர், என்ன ஆளுங்க என்று கேட்டு முடிப்பதற்குள் கதவு பாதி சாத்தியிருக்கும். மகள் கடைசிப் பரீட்சை எழுதுகிற வரைக்கும் இந்த ரூமை விட்டு நகருவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். வீட்டுக்காரரிடம் யோசனைகூடக் கேட்கவில்லை.

புகார் கொடுத்தது பக்கத்து வீட்டம்மா. நெசவுக் குடும்பம், சொந்த வீடு, செவ்வாய்க்கிழமை தவறாமல் முருகன் கோயில். பேச்சில் மரியாதைக்குக் குறைவே கிடையாது. "நல்லாப் படிக்கிறியா கண்ணு" என்று என் மகளை விசாரித்துவிட்டுத்தான் மனு எழுதப் போயிருப்பார்.

விசாரணையில் மாநகராட்சி இன்ஜினியர் மனுவைப் படித்தார். ஐம்பது ஆண்களுக்கு மேல் தங்கியிருக்கிறார்கள், பெண்பிள்ளைகள் உள்ள தெரு, பயமாக இருக்கிறது. அத்தாட்சிக்கு அந்தம்மா தன் மாடியிலிருந்து எடுத்த போட்டோ. எங்கள் கொடி முழுக்க, கயிறே தெரியாமல், ஆம்பளை ஜட்டியும் பனியனும் காய்கின்றன.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அடுத்த ரூம் அக்கா கறைபட்டுக் கம்பெனி கழித்த செகண்ட்ஸ் துணிகளை மொத்தமாக வாங்கி வந்து, துவைத்து, ஞாயிற்றுக்கிழமை சந்தையில் விற்கிறவர். "சார், அது ஆளு இல்ல. சரக்கு" என்றேன். மொத்த ஆபீசும் சிரித்தது. வேறு எந்த ஊரிலும் கொடியைப் பார்த்து ஆளை எண்ணினால் கணக்கு ஏறக்குறைய சரியாக வந்திருக்கும். நாட்டுக்கே ஜட்டி தைத்துப் போடுகிற ஊரில் அது எப்படி வரும்? எட்டு ரூமையும் சேர்த்தால் ஆண்கள் பத்துப் பேர் தேறுவார்கள், கடைசி ரூம் ஒடிசாப் பையன்கள் உட்பட.

ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். அந்தம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"அப்ப எங்கூட்டு வாசல்ல வந்து நிக்கிற நொரைத் தண்ணியெல்லாம் இத்தனையும் தொவைக்கறதுதானுங்களா? செவுரே ஊறிப்போச்சுங்க. மனுவுல அதையுந்தானுங்க எழுதியிருக்கறேன். அதைய யாருமே படிக்கலீங்க."

இன்ஜினியர் தாளைத் திருப்பினார். எழுதியிருந்தது. அந்தம்மா சொன்னது உண்மைதான். அந்த நுரையைத் தாண்டித்தான் நான் தினமும் வேலைக்குப் போகிறேன்.

கடைசியில் இன்ஜினியர் சொன்னது இது: துவைக்கிற தண்ணீர் தெருவுக்கு வரக்கூடாது. மூன்று வாரத்துக்குள் காம்பவுண்டுக்குள்ளேயே உறிஞ்சு குழி வெட்ட வேண்டும். வெட்டினால் கட்டடத்தைக் குடியிருப்பாக மாற்றித் தரச் சொல்லி மேலே எழுதுவார். வெட்டாவிட்டால் பூட்டு.

வெளியே வந்ததும் ஓனர் கையை விரித்தார். "குழியும் வேண்டாம், கொடைச்சலும் வேண்டாமுங்க. குடோனுக்கு உட்டுட்டு நிம்மதியா இருந்துக்கறேன்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "சிமெண்ட் உறையும் மூடியும் நீங்க வாங்கிப் போடுங்க. குழிய நாங்க வெட்டுதோம்" என்றேன். ஆள் கூலி இல்லை என்றதும் கொஞ்சம் இறங்கி வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்தோம். வீட்டுக்காரரும் ஒடிசாப் பையன்களும் வெட்ட, நானும் அடுத்த ரூம் அக்காவும் மண் சுமந்தோம். கொஞ்சம் கீழே போனதுமே சுக்கான் கல். கடப்பாரை பட்டால் பொறி பறக்கிறது. முழங்கால் ஆழம் வந்தபோது மதிலுக்கு மேலே பக்கத்து வீட்டம்மாவின் முகம் தெரிந்தது.

"ஏனுங்க, எங்க போரு இந்தச் செவுத்து ஓரந்தானுங்க இருக்குது. குழித் தண்ணி எறங்கிப் போருக்குள்ள வந்துராதுங்களா?"

வீட்டுக்காரர் கடப்பாரையைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கு அந்த மதிலையே இடித்துத் தள்ளலாம் போல் இருந்தது. ஆனால் அந்தம்மா கேட்டதில் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியவில்லை, அதுதான் கடுப்பைக் கூட்டியது. போர்வெல்லிலிருந்து தள்ளி வெட்டுவதற்கு ஒரே ஓர் இடம்தான் இருந்தது. எங்கள் ரூம் வாசல், கதவைத் திறந்தால் கால் வைக்கிற இடம்.

"இத மூடிருங்க. அங்க வெட்டுவோம்" என்றேன்.

வீட்டுக்காரர் என்னை முறைத்தார். ஒடிசாப் பையன்கள் தங்கள் பாஷையில் ஏதோ சொல்லிக்கொண்டார்கள். என்னைத் திட்டியிருப்பார்கள், திட்டட்டும். வெட்டியதை மூடிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம். மகள் காதில் பனியன் வேஸ்ட்டை அடைத்துக்கொண்டு உள்ளே படித்தாள்.

அதற்கடுத்த ஞாயிறு உறைகளை இறக்கி மூடி போட்டோம். இன்ஜினியர் வந்து வாளி வாளியாக ஊற்றச் சொன்னார். தெருவுக்குச் சொட்டுத் தண்ணீர் போகவில்லை. எழுதி அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்த வாரமே மகள் குழி மூடியின் மேல் நின்று செருப்பை மாட்டிக்கொண்டு முதல் பரீட்சைக்குக் கிளம்பினாள். பஸ் ஏற்றிவிட நானும் கூடப் போனேன்.

திரும்பி வரும்போது பக்கத்து வீட்டம்மா வாசலில் நின்றிருந்தார். வாசல் காய்ந்து கிடந்தது.

"மனுவ நான் வாபஸ் வாங்கலீங்க" என்றார், வழக்கமான மரியாதையோடு. "ஒரு மழை பேயட்டுங்க. பாத்துட்டுத்தான் சொல்லோணும்."

"பாருங்கக்கா" என்றேன். "ஒரு மழை என்ன, பத்து மழை பாருங்க. நாங்க இங்கதான் இருப்போம்."