சவுண்டல் மரத்துக்கு அடித்த மருந்து

1991இல் இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு சின்ன உதிரிபாகக் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தேன். காம்பவுண்டை ஒட்டி வரிசையாகச் சவுண்டல் மரங்கள். கேன்டீன் கிடையாது. பெண்கள் எல்லோரும் அந்த நிழலில்தான் உட்கார்ந்து சாப்பிடுவோம்.

அந்த வருஷம் மரங்களில் பூச்சி விழுந்தது. பேன் அளவுதான் இருக்கும். கொழுந்தெல்லாம் அப்பிக்கொண்டு சாற்றை உறிஞ்சியது. வெளிநாட்டிலிருந்து வந்து பரவியது என்றார்கள். சோற்றில் விழும், கண்ணில் விழும். இலை கொட்டிக் கிளைகள் மொட்டையாயின.

பூச்சிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற ஒரு பெண் மேனேஜரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு வந்தாள். நீலமாக மினுங்கும் பொறிவண்டுகளைப் பெட்டியில் கொண்டுவந்து கிளைகளில் விட்டாள். இவை அந்தப் பூச்சியைத் தின்னும், ஆனால் பெருக நாளாகும், அதுவரை மருந்து மட்டும் அடிக்கக் கூடாது என்று மேனேஜரிடமும் எங்களிடமும் படித்துப் படித்துச் சொன்னாள். சொன்னது போலவே நடந்தது. வண்டு பெருகியது, நுனிகளில் கொழுந்து விட்டது.

அந்த நேரம் பார்த்துப் புது ஷெட்டுக்குத் திறப்பு விழா வைத்தார்கள். மருந்து டப்பாவை முதுகில் மாட்டிக்கொண்டு ஒரு ஆள் வந்து நின்றதும் நான் மேனேஜரிடம் ஓடினேன்.

“வேணாம் சார், வண்டெல்லாம் செத்துடும். அந்தக்கா அவ்ளோ சொல்லிட்டுப் போச்சே.”

“பெரிய மனுஷங்க வராங்க. அவங்க சட்டை மேல பூச்சி விழுந்தா நீயா வந்து தட்டுவே? போய் வேலையைப் பாரு.”

நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அடித்தார்கள். எழுந்திருங்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. நெடி தாங்காமல் பக்கத்திலிருந்தவள் வாந்தி எடுத்தாள். எல்லோரும் சோற்றைக் கொட்டினோம்.

விழா முடிந்த பிறகு அந்தப் பெண் வந்தாள். மரத்தடியில் குந்தி, செத்த வண்டுகளைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். யார் அடித்தது என்று கேட்டாள். மேனேஜர் எங்களைக் கைகாட்டினார். “இதுங்கதான் மேடம். சொல்லாம கொள்ளாம அடிச்சிட்டுதுங்க.”

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

“பொய் சொல்றாருக்கா. இவருதான் ஆள வுட்டு அடிச்சாரு. நாங்க துன்னுகினு இருக்கசொல்ல அடிச்சாரு.”

அவள் மேனேஜரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பிறகு வரவேயில்லை. மறுநாள் என்னைப் பேக்கிங்கிலிருந்து எடுத்து, மண்ணெண்ணெயில் பாகங்களைக் கழுவுகிற தொட்டியில் போட்டார்கள். கை தோலுரிந்தது. ஆனாலும் சொன்னது சொன்னதுதான். அதற்காக நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

கொஞ்ச நாளில் பூச்சி திரும்பி வந்தது, முன்னைவிட அதிகமாக. வண்டு வரவில்லை. இந்த மரமே தரித்திரம் என்று சொல்லி மேனேஜர் எல்லாவற்றையும் விறகுக்கு வெட்டிப் போட்டார். அதன் பிறகு சுவரோரம் வெயிலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். விழாவுக்கு வந்த பெரிய மனிதர்கள் காரிலிருந்து இறங்கி நேராக ஷெட்டுக்குள் போனவர்கள். ஒருவர்கூட மரத்தடிப் பக்கம் வரவில்லை. அதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.