வேற ஏதாவது அக்கா

அக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி ஆபீஸ் முழுக்க அவர் 'வேற ஏதாவது அக்கா'தான்.

எங்களுடையது போனில் மக்கள் கருத்துக் கேட்கும் கம்பெனி. பற்பசை முதல் பிரதமர் வரை எதைப் பற்றியும் கேட்போம். திரையில் இருப்பதை அப்படியே படிக்க வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது, அப்படியா என்று வாயைப் பிளக்கக் கூடாது. பதில் சொல்லி முடித்தவரிடம் கூடுதலாகக் கேட்க எங்களுக்கு அனுமதி உள்ள ஒரே வார்த்தை, 'வேற ஏதாவது?' மற்றவர்கள் அதைப் போனை வைக்கிற அவசரத்தில் கேட்பார்கள். அக்கா கேட்டால் மட்டும் எதிர்முனையில் இருப்பவருக்கு உண்மையிலேயே வேறு ஏதோ பாக்கி இருப்பதாகத் தோன்றிவிடும். பற்பசை சர்வேயில் ஒரு அம்மாள் தன் மாமியார் கதையை ஆதியோடந்தமாகக் கொட்டித் தீர்த்திருக்கிறாள்.

நான் கண்ணாடி அறையில் உட்கார்ந்து, யார் பேசுவதை வேண்டுமானாலும் ஹெட்போனில் கேட்பேன். தரக் கண்காணிப்பு என்று அதற்குப் பெயர். சம்பளம் வாங்கிக்கொண்டு ஒட்டுக்கேட்பது என்பதுதான் நிஜம். நான் கேன்டீனுக்குள் நுழைந்தால் பாதிப் பேர் பேச்சை மாற்றுவார்கள். அக்கா மட்டும் நகர்ந்து இடம் கொடுப்பார்.

பஸ் ஸ்டாண்டில் குண்டு வெடித்த மறுவாரம், ஒரு டிவி சேனல் எங்களிடம் வேலை கொடுத்தது. நம் படை போய் உட்கார்ந்திருக்கும் அந்தத் தூரத்து நாட்டுக்கும் இந்தக் குண்டுக்கும் தொடர்பு உண்டா, மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டுச் சொல்ல வேண்டும். குண்டு வைத்தவர்கள் தொடர்பு உண்டு என்று வீடியோ விட்டிருந்தார்கள். அரசாங்கம் இல்லவே இல்லை என்றது. இரண்டு பேரையும் நம்ப எனக்குத் தெம்பு இல்லை.

முதலில் குண்டைப் பற்றிக் கேட்டு, ரத்தத்தை ஞாபகப்படுத்திவிட்டு, பிறகு படையைப் பற்றிக் கேட்டால் ஜனங்கள் ஒரு மாதிரி பதில் சொல்வார்கள். வரிசையை மாற்றினால் பதிலும் மாறும். சேனல்காரர்கள் குண்டை முதலில் போடச் சொன்னார்கள். நாங்களும் போட்டோம். மானேஜர் அன்றைக்கு எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

அந்த வாரம் என் காது புளித்துப்போனது. "காரணமா? காரணம் சொல்லிட்டா கொன்னது சரின்னு ஆயிடுமா? வைம்மா போனை!" என்று ஒருவர் எரிந்து விழுந்தார். அவர் கோபம் எனக்குப் புரிந்தது. "பின்ன என்னங்க, அடுத்தவன் வீட்டுக்குள்ள போய் உக்காந்தா அவன் சும்மா இருப்பானா?" என்றார் இன்னொருவர். அடுத்த நொடியே குரலைத் தாழ்த்தி, "என் பேரைப் போட்டுறாதீங்க" என்று கெஞ்சினார். ஒரு பெண், "நம்ம பசங்க அங்க போயிருக்காங்களா? எப்போ?" என்று எங்களையே திருப்பிக் கேட்டாள். ஒரு பெரிய மனிதர், "இன்னும் பத்து மடங்கு ஆளை அனுப்பணும், தரைமட்டமாக்கணும்" என்று முழங்கினார். உங்க வீட்லேர்ந்து யார் சார் போறாங்க என்று கேட்க எனக்கே நாக்கு துறுதுறுத்தது.

அக்கா, "வேற ஏதாவது சார்?" என்றார். குரலில் ஒரு சுருக்கம்கூட இல்லை. அதுதான் என்னைத் திகைக்க வைத்தது, ஏனென்றால் அக்காவின் ஒரே மகன் அங்கேதான் இருந்தான்.

அவனுடைய ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது. நீட்டிக்கக் கையெழுத்துப் போடலாம், அல்லது மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்கு வரலாம். "அப்பா சொல்றபடி செய்றேன், வெள்ளிக்கிழமை கூப்பிடுறேன்" என்று சொல்லியிருந்தான். அப்பாதான் வாயைத் திறக்கவில்லை.

அக்காவின் வீட்டுக்காரர் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். பையன் படையில் சேர்கிறேன் என்றபோது தலைகால் புரியாமல் குதித்தவர் அவர். அக்கா வேண்டாம் என்று மல்லுக்கு நின்றிருக்கிறார். "உன் முந்தானைய புடிச்சுக்கிட்டே கெடக்கணுமா அவன்?" என்று அவர் கத்த, அக்காவும் பதிலுக்குக் கத்த, அன்றோடு மகன் வேலையைப் பற்றிய பேச்சு அந்த வீட்டில் நின்றுபோனது. சீருடை போட்ட போட்டோ மட்டும் டிவிக்குப் பக்கத்தில் நின்றது. இப்போது குண்டு வெடித்ததில் அவரோடு பல வருஷம் ஒரே வண்டியில் ஓடிய கண்டக்டர் செத்துப்போனார். அவரை அடக்கம் பண்ணிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர்தான். தெருவில் போகிறவர்கள் எல்லாம் வாசலில் நின்று, "உங்க பையன் ஒருத்தனையும் விடக் கூடாதுங்க" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். அதற்கும் அவர் உம் கொட்டவில்லையாம்.

"ஊரைப் பூரா கேக்குறீங்க. வீட்ல ஒரு வார்த்தை கேட்டா என்னக்கா?" என்றேன்.

"கேட்டா பதில் வருமேம்மா. அதான் பயம்" என்றார். "இன்னும் இருக்கட்டும்னு சொல்லிட்டார்னா நான் என்ன பண்ணுவேன்?"

எங்கள் மெஷின் தானாகவே நம்பரைப் பொறுக்கிப் போட்டுக்கொடுக்கும். யாருக்குப் போகிறது என்று எடுத்த பிறகுதான் தெரியும். தெரிந்தவர்கள் யாராவது மாட்டினால் மன்னிப்புக் கேட்டு வைத்துவிட வேண்டும். பேசிவிட்டால் அந்தப் பேட்டி செல்லாது. விதி அப்படி.

புதன்கிழமை மத்தியானம் நான் அக்காவின் லைனில் இருந்தேன். மணி அடித்தது. "அலோ" என்றது ஒரு கரகரத்த ஆண் குரல். அக்கா வழக்கமான வணக்கத்தைப் பாதியில் விட்டுவிட்டார்.

"அலோ, யாரு?"

அக்கா திரும்பிக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். முகத்தைப் பார்த்ததுமே எடுத்தது யார் என்று எனக்கு விளங்கிவிட்டது. நான் லைனை வெட்டியிருக்க வேண்டும். வெட்டவில்லை. விதியை எழுதியவன் வந்து வெட்டிக்கொள்ளட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

அக்கா திரைக்குத் திரும்பி முதலிலிருந்து படித்தார். "வணக்கம் சார். மக்கள் கருத்து ஆய்வுக்காகக் கூப்பிடுறோம். சில நிமிஷம் பேசலாமா?"

எதிர்முனையில் நாற்காலி கிரீச்சிட்டது. "நீ..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். பிறகு, "கேளுங்க மேடம். சும்மாதான் உக்காந்திருக்கேன்" என்றார்.

"உங்க வீட்ல யாராவது படையில வேலை பாக்குறாங்களா சார்?"

"ஒருத்தன் இருக்கான். பையன்."

"பஸ் ஸ்டாண்டுல நடந்த குண்டுவெடிப்புக்கும், நம்ம படை வெளிநாட்டுல இருக்கிறதுக்கும் தொடர்பு இருக்குன்னு நினைக்கிறீங்களா? நிறைய இருக்கு, கொஞ்சம் இருக்கு, இல்லவே இல்ல. இதுல எது சார்?"

"இருக்குன்னு சொன்னா, என் பையன் அங்க போனதாலதான் என் கண்டக்டர் இங்க செத்தான்னு ஆயிடும். இல்லன்னு சொன்னா, அவன் எதுக்குத்தான் அங்க கெடந்து சாவுறான்னு எனக்கே தெரியல. நீங்களே பாத்து ஒண்ணு போட்டுக்குங்க மேடம்."

"நாங்களா போடக் கூடாது சார்."

"அப்ப தெரியலன்னு போடுங்க. நெஜமாவே தெரியல."

அக்கா போட்டார். அடுத்த கேள்வியைப் படிக்கும்போது குரல் கொஞ்சம் தடுமாறியது. "அங்க இருக்கிற நம்ம படையை அதிகப்படுத்தணுமா, அப்படியே விடணுமா, திரும்பக் கூப்பிடணுமா?"

பதில் வராவிட்டால் கேள்வியை ஒரு தடவை திரும்பப் படிக்கலாம். அக்கா திரும்பப் படித்தார்.

"படையைப் பத்தி எனக்கென்ன தெரியும்? நான் பஸ் ஓட்டினவன். ஒருத்தனை மட்டும் கூப்பிட்டுக்கலாம்னு இருக்கேன்."

"அப்படி ஒரு பதில் இதுல இல்ல சார்."

"இருக்காது. தெரியும்."

"வேற ஏதாவது?"

"அவங்கம்மா என்ன நினைக்கிறான்னு தெரியல மேடம். கேக்கப் பயமா இருக்கு. அன்னைக்குப் போடான்னு சொன்னவன் நான். இன்னைக்கு வாடான்னு சொன்னா, அப்பவே நான் சொல்லலையான்னு கேப்பா. கேக்கட்டும். திட்டினாக்கூடப் பரவால்ல. அவ ஒண்ணுமே சொல்லாம சோத்தைப் போட்டுட்டுப் போறா பாருங்க, அதான் தாங்கல."

"வேற ஏதாவது சார்?"

"வரும்போது முட்டிவலி மாத்திரை வாங்கிட்டு வாங்க மேடம். தீந்துபோச்சு."

கடைசியில் எல்லோரிடமும் சொல்லியே ஆகவேண்டிய வரி ஒன்று உண்டு. உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் மதிப்புள்ளது. ஆயிரம் தடவை சொல்லி அர்த்தம் தேய்ந்துபோன வரி. அக்கா அதைச் சொல்ல ஆரம்பித்து, முடிக்க முடியாமல் அழுதுவிட்டார். எனக்கும் கண் கலங்கியது. பிறகு என் வேலையைச் செய்தேன். 'தெரிந்தவர், செல்லாது' என்று குறித்து அந்தப் பேட்டியை நீக்கினேன். கம்பெனியைப் பொறுத்தவரை அவர் எதுவும் சொல்லவில்லை.

அன்றைக்கு அக்கா மாத்திரையோடு வீட்டுக்குப் போனார். அப்பவே நான் சொல்லலையா என்று கேட்கவில்லையாம். பேட்டி செல்லாமல் போனதை மட்டும் சொன்னாராம். இரண்டு பேரும் உட்கார்ந்து, பையன் வந்தால் எந்த அறையைக் காலி பண்ணுவது என்று பேசியிருக்கிறார்கள். வியாழக்கிழமை அக்கா வேலைக்கு வந்தபோது முகம் தெளிந்திருந்தது. கேன்டீனில் என் தட்டில் இருந்ததை எடுத்துத் தின்றுவிட்டு, "வேற ஏதாவது?" என்று என்னையே கிண்டல் பண்ணினார்.

அன்று சாயங்காலம் சேனலில் எங்கள் முடிவு வந்தது. திரை நிறைய வட்டம் போட்டு, சிவப்பு அடித்து, பத்தில் ஏழு பேர் படை அங்கேயே இருக்க வேண்டும் என்கிறார்கள் என்று ஒருவர் தொண்டை கிழியக் கத்தினார். நான் டிவியை அணைத்தேன்.

வெள்ளிக்கிழமை பையன் கூப்பிட்டான். அக்கா ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு பேச வாயெடுப்பதற்குள் அவனே முந்திக்கொண்டான்.

"காலையிலேயே கையெழுத்துப் போட்டுட்டேம்பா. நீ சொல்லத் தயங்குறன்னு தெரிஞ்சுது. நேத்து நியூஸ் பாத்தோம். பத்துல ஏழு பேரு எங்களை இருக்கச் சொல்றாங்களாம்ப்பா. ஊரே சொல்லும்போது எப்படி விட்டுட்டு வர்றது? அந்த ஏழுல நீயும் ஒருத்தன்தானேப்பா?"

அவர் போட்டோவைப் பார்த்தாராம். பிறகு அக்காவைப் பார்த்தாராம்.

"ஏழுலயும் நான் இல்லடா, மூணுலயும் நான் இல்ல" என்றாராம். "அம்மாகிட்ட வேணும்னா கேட்டுப் பாரு."