நாளைக்கு நின்றுவிடலாம்

இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால் பதில் இல்லை. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே கூசுகிறவள். பாதி வயதில் வேலை மாறிய நீங்கள் எப்படி மனம் தளராமல் இருந்தீர்கள், எழுதிக் கொடுங்கள் என்று எங்கள் மகளிர் குழுவில் கேட்டார்கள். மனம் தளராமல் நான் ஒரு நாளும் இருந்ததில்லை. எனக்குச் சொல்லத் தெரிந்தது என் நாத்தனாரைப் பற்றித்தான். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எழுத உட்கார்ந்ததும் கண்ணுக்கு வருவது ஒரு சாம்பல் நிறக் கார் சீட் உறை. அதன்மேல் சிவப்புச் சாக்பீஸில் ஒரு பெருக்கல் குறி. நான் தைத்தது, ஆகாது என்று தள்ளப்பட்டது. அந்தக் குறியை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஆனாலும் ஒவ்வொரு முறையும் பள்ளிக்கூடத்தில் பெஞ்சுமேல் ஏற்றி நிறுத்தியதைப் போலத்தான் இருக்கும்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்த சமயம். பிள்ளைப்பாக்கத்தில் என் கணவர் குத்தகைக்குப் பயிர் செய்த நிலத்தை உடைமைக்காரர் விற்றுவிட்டார். வீட்டில் உட்கார்ந்து நான் தைத்த ஜாக்கெட்டுகளை நம்பிக் குடும்பம் நடக்காது என்று ஆனது. என் கணவரின் அக்காவும் பக்கத்துத் தெருவில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தார். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். ஒரகடம் பக்கம் கார் சீட்டுக்கு உறை தைக்கும் கம்பெனியில் தையல் தெரிந்த பெண்களை எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, என்னைக் கேட்காமலே இரண்டு பேர் பெயரையும் கொடுத்துவிட்டு வந்தார். "ஜாக்கெட்டுக்கு பதிலா சீட்டு. அதுவாவது கை டைட்டா கீதுன்னு சண்டைக்கு வராது," என்றார்.

தெரிந்த வேலைதானே என்று போனேன். தெரிந்ததுதான் எனக்குக் குழி பறித்தது. ஜாக்கெட் தைக்கிறவர்கள் உள்ளே கொஞ்சம் துணி விட்டுத்தான் தைப்போம். உடம்பு போட்டால் பிரித்து விட்டுக்கொள்ளலாம். பதினைந்து வருடம் அப்படியே பழகிய கை, சீட் உறையிலும் துணியைக் கூடுதலாக உள்ளே பிடித்துவிடும். உறை சிறுத்துப்போய் ஸ்பாஞ்ச்மேல் ஏறாது. எங்கள் சூப்பர்வைசர் திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். "யக்கா, எத்தன வாட்டி சொல்லுதேன். காரு சீட்டு என்ன, உடம்பு போடவா போவுது?" என்பான். அதற்கு என் நாத்தனார் லைன் முழுக்கக் கேட்கும்படி, "அட உடுப்பா. இவ தெச்ச சீட்டு நாளிக்கி முழுவாம இருந்தாலும் பிரிச்சி உட்டுக்கலாம்," என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நான் தலையை நிமிர்த்த மாட்டேன்.

அங்கே நின்றுகொண்டேதான் தைக்க வேண்டும். மிஷின்களே அந்த உயரத்தில்தான் இருந்தன. உட்கார்ந்து தைத்தே பழகியவர்களுக்கு ஷிப்ட் முடியும்போது கால்கள் நம்முடையவை இல்லை என்று தோன்றும். கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் நாத்தனார் புடவையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு கெண்டைக்காலை அழுத்தித் தேய்ப்பார். நரம்பு சுருண்டு நீலமாகப் புடைத்திருக்கும். கேட்டால், "கொசு கட்சிது," என்பார்.

பயிற்சி முடியும் நாளில் ஆளுக்கு ஒரு முழு செட் தைத்துக் காட்ட வேண்டும். தேறினால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் வீடு. அதற்குச் சில நாள் முன்பு ஒரு காலையில் நான் எழுந்திருக்கவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை. இன்னொரு சிவப்புக் குறியைப் பார்க்கத் தெம்பு இல்லை, அவ்வளவுதான். பஸ்ஸுக்கு வராததைப் பார்த்து நாத்தனார் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"இன்னாடி, மகாராணிக்கு இன்னும் விடியலியா?"

"என்னால முடியல அண்ணி. நான் நின்னுடறேன்."

ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தார். "எனக்கு மட்டும் முடிதா? தெனம் காலீல இன்னிக்கி ஒரு நாள் போய்ட்டு வருவோம், நாளிக்கி நின்னுடலாம்னு நெனச்சிக்கினுதான் பஸ் ஏறுறேன். நின்னுடு, வாணான்னு சொல்லல. நாளிக்கி நில்லு. இன்னிக்கி டிரைவர் ஆரன் அடிக்கிறான் பாரு."

எழுந்து போனேன். எந்தத் தைரியமும் வந்துவிடவில்லை. நாளைக்கு நின்றுவிடலாம் என்ற நினைப்பு ஒரு நாளுக்குப் போதுமானதாக இருந்தது. அடுத்த நாளும் அதையே நினைத்துக்கொண்டேன்.

கடைசி நாளில் நான் தைத்த உறை ஸ்பாஞ்ச்மேல் சுருக்கமில்லாமல் ஏறியது. சூப்பர்வைசர் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான். திரும்பி நாத்தனாரைப் பார்த்தேன். அவர் மிஷினுக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் பாதி தைத்த உறை. தையல், நூல் பிடித்தது போல நேராக இருந்தது.

"யக்கா, எந்திரிங்க. மேனேஜர் பாக்காரு."

"கால் மரத்துப்பூட்சிப்பா. ஒரு ஸ்டூல் குடு, குந்திக்கினே முட்சிக் குடுக்கிறேன்."

"நின்னுதான் தைக்கணும்க்கா. நான் என்ன செய்ய?" அவன் குரலே இறங்கிவிட்டது. அவர் மிஷினைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தார். முடியவில்லை. நானும் அவனும் சேர்ந்துதான் தூக்கி நிறுத்தினோம்.

திரும்பும் பஸ்ஸில் என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. "ஏய், வேல பூட்டது எனக்கா உனக்கா?" என்று முழங்கையால் இடித்தார். "உன் ஜாக்கெட் கிராக்கிங்க எல்லாம் இனிமே எனக்குத்தான், தெர்தா? திரும்பி வந்து கேட்டே, கத்திரியாலயே குத்துவேன்." பிறகு வீடு வரும்வரை காலைத் தேய்த்துக்கொண்டே வந்தார்.

மறுநாள் எனக்கு முதல் ஷிப்ட். எழுப்ப யாரும் வரவில்லை. போனேன். அன்று நான் தைத்ததில் இரண்டு உறைக்குச் சிவப்புக் குறி விழுந்தது.