வலிக்காத முட்டி

என் மகளைக் கள்ளக்குறிச்சியில் சிஸ்டர்கள் நடத்தும் பள்ளியில் சேர்த்தது இங்கிலீஷுக்காக. கொஞ்சம் ஒழுக்கத்துக்காகவும் என்று வைத்துக்கொள்ளலாம். தியாகதுருகம் பக்கம் எங்களைப் போல நிலம் நீச்சு உள்ள வீடுகளில் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். பள்ளிப் பேருந்து எங்கள் தெருமுனையில் வந்து நிற்பதில் எனக்கு ஒரு பெருமை. மற்றபடி மாதா சுரூபம், காலைச் செபம், தவக்காலத்துச் சிலுவைப்பாதை எல்லாம் அவர்கள் பாடு, நமக்கென்ன என்று இருந்தேன்.

அந்தப் பள்ளியில் சில வழக்கங்கள் உண்டு. வகுப்பறையைப் பிள்ளைகளே பெருக்க வேண்டும். பெஞ்சில் உயரத்தைப் பார்த்துத்தான் உட்கார வைப்பார்கள். கல்வராயன் மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள், வக்கீல் வீட்டுப் பிள்ளைகள், எங்கள் வீட்டுப் பிள்ளைகள் என்று எல்லாரையும் கலந்து விடுவார்கள். என் மகள் துடைப்பம் பிடிக்கிறாள் என்று தெரிந்த அன்றைக்கே சண்டைக்குப் போனேன். தலைமையாசிரியை சிஸ்டர் சிரித்துக்கொண்டே, "டாக்டர் பொண்ணும்தாம்மா பெருக்குது" என்றார். டாக்டர் பொண்ணு என்றதும் என் கோபம் இறங்கிவிட்டது. என் லட்சணம் அவ்வளவுதான். அதை அப்போதே சிஸ்டர் கண்டுகொண்டிருப்பார்.

உயரத்தைப் பார்த்து உட்கார வைத்ததில் என் மகளுக்குப் பக்கத்தில் வந்தவள் எங்கள் ஊர்க் காலனிப் பெண். அவளுடைய அம்மா எங்கள் நிலத்தில் களை எடுக்க, கரும்புக்குச் சோகை உரிக்க வருகிறவள். எனக்கும் அவளுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. எங்கள் வீட்டுத் தோட்டத்துப் பக்கம்தான் வருவாள், அதற்கு மேல் வந்ததில்லை. நான் அவளை "வா, போ" என்பேன். அவள் என்னை "அம்மா, வாங்க, போங்க" என்பாள். பெண்கள் இரண்டும் எட்டாம் வகுப்பு வருவதற்குள் ஒட்டிப் பிறந்தவை போல ஆகிவிட்டன.

ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழனன்று மாலை மாதா கோயிலில் பாதம் கழுவும் சடங்கு நடக்கும். இந்தப் பள்ளியில் அன்று காலையிலேயே அதைத் தங்கள் பாணியில் ஒரு தடவை நடத்திவிடுவார்கள். ஒரு வகுப்பின் பெற்றோரில் பன்னிரண்டு பேர் வரிசையாக உட்கார வேண்டும். சிஸ்டர் முதல் ஆளின் காலைக் கழுவித் துடைப்பார். முதல் ஆள் இரண்டாவது ஆளுக்கு, இரண்டாவது ஆள் மூன்றாவது ஆளுக்கு என்று அப்படியே போகும். இந்த ஆண்டு எட்டாம் வகுப்பின் முறை.

"உன் பேரு குடுத்துட்டேம்மா. நீ பதினொண்ணு. அவங்கம்மா பன்னெண்டு. நாங்க ரெண்டு பேரும்தான் சிஸ்டர்கிட்ட கேட்டு வாங்கினோம்" என்றாள் என் மகள். முகமெல்லாம் சிரிப்பு. எங்களிடம் களை எடுக்க வருகிறவள் காலை நான் கழுவுவதா? நாளைக்கு ஊரில் என்ன பேசுவார்கள்? வீட்டுக்காரரிடம் சொன்னேன். "இன்னாத்துக்கு இதெல்லாம்? ஒடம்பு சரியில்லன்னு சொல்லிட்டு வூட்லயே இரு" என்றார். போகாமல் இருந்தால் மகள் அழுவாள். போய்விட்டு எப்படித் தப்பிப்பது என்றே இரண்டு நாளாக யோசித்தேன்.

அன்றைக்குப் பார்க்க வேண்டும் வேடிக்கையை. கால் கழுவும் சடங்குக்கு வந்த அத்தனை பேரும் காலைக் கழுவிக்கொண்டு வந்திருந்தோம். நான் மஞ்சள் பூசி, கொலுசைப் பளபளப்பாக்கி, நகத்துக்குச் சாயம் வைத்திருந்தேன். பன்னிரண்டாவது ஆளாக வந்த அவளும் போர்செட்டுத் தண்ணீரில் குதிகாலைச் செங்கல் துண்டால் தேய்த்திருக்க வேண்டும். வெடிப்பின் ஓரமெல்லாம் சிவந்து கிடந்தது. சிஸ்டர் அவளையும் "வாங்கம்மா, உக்காருங்க" என்றார். எங்கள் இருவருக்கும் ஒரே "ங்க". அவள் கூச்சப்பட்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

நான் சிஸ்டரைத் தனியாகக் கூப்பிட்டு வலது முட்டியைத் தடவிக் காட்டினேன். "முட்டி போடவே முடியல சிஸ்டர். என்னைக் கடைசியில உக்கார வெச்சுடுங்க. கடைசி ஆளு யாருக்கும் கழுவ வேணாமில்ல?" சிஸ்டர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு, "சரிம்மா, மாறி உக்காந்துக்குங்க" என்றார். நாங்கள் இடம் மாறினோம். அதாவது இப்போது அவள் என் காலைக் கழுவுவாள். அதில் எனக்கு அப்போது ஒரு துளியும் உறுத்தல் இல்லை. அது எப்போதும் நடப்பது போலத்தான் இருந்தது.

பிள்ளைகள் பாடிக்கொண்டிருக்க, வரிசை நகர்ந்து எங்களிடம் வந்தது. அவள் முட்டி போட்டு என் காலை எடுத்துப் பித்தளைத் தாம்பாளத்தில் வைத்தாள். "இன்னாம்மா, ஏற்கெனவே கழுவிக்கினு வந்துட்டீங்களா? எனக்கு வேலையே வெக்கலயே" என்று மெல்லச் சிரித்தாள். துடைத்து முடித்ததும் ஈரக் கையை என் வலது முட்டியில் வைத்து இதமாக அமுக்கிவிட்டாள். "வலி ஜாஸ்தியாம்மா? சிஸ்டராண்ட சொல்லிக்கினு இருந்தீங்களே. ஏரிக்கரையில நொச்சி நெறைய கெடக்குது. நாளைக்குக் கொண்டாரேன்."

முடிந்தது என்று எழுந்திருக்கப் போனேன். சிஸ்டர் ஒரு நாற்காலியை இழுத்து என் எதிரே போட்டு உட்கார்ந்தார். கடைசி ஆள் தலைமையாசிரியையின் காலைக் கழுவ வேண்டுமாம். அதுதான் அந்தப் பள்ளியின் வழக்கம். அது எனக்குத் தெரியாது. "முட்டி வலின்னா வேணாம்மா. உக்காந்தபடியே ரெண்டு சொட்டு தெளிச்சாப் போதும்" என்றார் சிஸ்டர்.

அந்த இடத்திலாவது எனக்குப் புத்தி இருந்திருக்கலாம். எல்லாரும் பார்க்கிறார்கள், சிஸ்டரின் காலைக் கழுவும் மரியாதை எனக்குத்தான் வாய்த்திருக்கிறது என்ற நினைப்பு மட்டும்தான் இருந்தது. சடக்கென்று இரண்டு முட்டியையும் தரையில் ஊன்றிவிட்டேன். நன்றாகத் தேய்த்து, விரல் இடுக்கெல்லாம் துடைத்து, எதையும் பிடிக்காமல் எழுந்தேன். எழுந்த பிறகுதான் முட்டி ஞாபகம் வந்தது.

சிஸ்டர், "நல்லா இருங்கம்மா" என்றார், அவ்வளவுதான். அவள் துண்டை மடித்துக்கொண்டிருந்தாள். பாடும் பிள்ளைகளின் நடுவே என் மகளின் வாய் மட்டும் அசையவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது எனக்கு.

மறுநாள் பெரிய வெள்ளி, பள்ளிக்கூடம் இல்லை. காலையில் தோட்டத்துப் பக்கம் குரல் கேட்டது. போய்ப் பார்த்தால் அவள் நிற்கிறாள். மடியில் நொச்சி இலை, கையில் கிழித்த பழம்புடவைத் துணி. இலையை விளக்கெண்ணெய் விட்டு வதக்கி, சூடு ஆறாமல் சுருட்டிக் கொண்டுவந்திருந்தாள்.

நேற்று நான் முட்டி போட்டதை அவள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. ஓர் எட்டு தூரத்தில் நின்றாள். பார்த்துவிட்டும் கொண்டுவந்தாளா, அல்லது என்னைப் பற்றி அப்படி ஒரு நினைப்பே அவளுக்கு வரவில்லையா? இன்றுவரை எனக்குத் தெரியாது. எப்படி இருந்தாலும் என் தலை நிமிர வழியில்லை.

வலியில்லை, பொய் சொன்னேன், உன் காலைத் தொட மனசில்லாமல்தான் சொன்னேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். அந்த மூன்றும் நாக்கு வரை வந்தன. வாய் திறந்ததும், "இப்பக் கொஞ்சம் கம்மிதான். உனக்கு எதுக்கு இந்தச் சிரமம்?" என்றேன்.

"இன்னா சிரமம்? அப்டி குந்துங்க. நானே கட்டிவுடறேன்" என்று அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். என் மகள் சத்தம் கேட்டுப் பின்கட்டு வாசலுக்கு வந்தாள். அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்திருந்தாள், நாங்கள் குடிக்கும் சொம்பிலேயே.

நான் படியில் உட்கார்ந்தேன்.

"எந்தக் காலுங்கம்மா?"

நான் இடது காலை நீட்டினேன்.

"நேத்து வலது கால்மா" என்றாள் என் மகள்.

கீழே உட்கார்ந்திருந்தவள் நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. இடது காலை மெல்லக் கீழே வைத்துவிட்டு, வலது காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, இலையைப் பரப்பிக் கட்டத் தொடங்கினாள்.