நான்கு நாள் ஓடாத மீட்டர்

அந்த வீட்டில் யார் டிவி போட்டாலும் அப்பாவுக்குத் தெரிந்துவிடும். அவர் வேலைக்குப் போயிருக்கும்போது போட்டாலும் சரி, சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டுப் போட்டாலும் சரி, தெரிந்துவிடும்.

அவர் மின்சார அலுவலகத்தில் மீட்டர் கணக்கு எடுப்பவர். நாள் முழுக்க ஊரார் வீட்டு வாசல்களில் கழுத்தைத் தூக்கி எண்களைப் பார்த்து எழுதிவிட்டு வருவார். ஆனால் காலையில் செருப்பை மாட்டியதும் அவர் முதலில் பார்ப்பது சொந்த வீட்டு மீட்டரைத்தான். மாலையில் செருப்பைக் கழற்றுமுன் கடைசியாகப் பார்ப்பதும் அதைத்தான். சட்டைப் பையில் இதற்கென்றே ஒரு சிறு நோட்டு. பகலில் ஃப்ரிட்ஜ் மட்டும் ஓடினால், கடைசியில் இருக்கும் சிவப்பு எண் ஏழு புள்ளி நகரும். ஒருநாள் அது ஒன்பது நகர்ந்திருந்தது. உள்ளே வந்தவர், குரலை உயர்த்தாமல், "அந்த ரெண்டு புள்ளி யார் பார்த்தது?" என்று கேட்டார்.

அண்ணனுக்குப் பதினாலு வயது, தங்கைக்குப் பதினொன்று. இரண்டு பேரும் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

அப்பா அடிக்கிறவர் இல்லை. அடித்திருந்தால் தேவலை என்று அண்ணன் சொல்வான். ஒரு புள்ளிக்கு ஒரு நாள் என்று பேச்சை நிறுத்திக்கொள்வார். அந்த நாட்களில் அவர்கள் வீட்டில் இருப்பதே அவர் கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் கொண்டுபோய் நீட்டினாலும் கையைத் தாண்டிப் பார்ப்பார். அவளுக்கு அதுதான் தாங்காது. பிறந்ததிலிருந்து ஓயாமல் பேசுகிறவள் என்பதால் 'ரேடியோ' என்று சித்தி வைத்த பெயர் நிலைத்துப் போயிருந்தது. நிஜ ரேடியோவின் பாட்டரிகளை அப்பா தன் அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார். வாரப்பத்திரிகை வந்தால் தொடர்கதைப் பக்கங்களை பிளேடால் வெட்டி எடுத்துவிட்டுத்தான் கூடத்தில் போடுவார். ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரம் செய்தி பார்க்கலாம், அதுவும் அவரோடு உட்கார்ந்து.

காரணம் இல்லாமல் இல்லை. அவருடைய ஒரே தம்பி சினிமா சினிமா என்று அலைந்து, பதினெட்டு வயதில் வீட்டைவிட்டுப் போனவர், இன்றுவரை திரும்பவில்லை. அந்தச் சித்தப்பாவின் பெயரை அந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

அந்த வருடக் கோடை விடுமுறையில் அண்ணன் தன் சிநேகிதனிடமிருந்து ஒரு வீடியோ கேம் பெட்டியை இரவல் வாங்கி வந்தான். மஞ்சள் நிற கேசட், இரண்டு கைப்பிடிகள். அம்மா ஆயத்த ஆடைக் கம்பெனியில் பொத்தான் பிரிவில் வேலை பார்த்தாள். எட்டரைக்குப் போனால் ஐந்துக்குத்தான் வருவாள். நேரம் கிடக்கிறது; மீட்டரை என்ன செய்வது?

"ரொம்ப சுலபம்," என்றான் அண்ணன். "டிவி ரெண்டு புள்ளி தின்னா, ஃப்ரிட்ஜுக்கு ரெண்டு புள்ளி பட்டினி போடுவோம்."

டிவி போடும்போது ஃப்ரிட்ஜை அணைப்பது, டிவியை அணைத்ததும் ஃப்ரிட்ஜைப் போடுவது. மாலையில் அப்பா மீட்டரைப் பார்த்து ஏழு என்று எழுதிக்கொண்டு, "என்ன, பகல்ல படிச்சீங்களா?" என்று கேட்டபோது, அண்ணன் அவள் தொடையை மேசைக்கடியில் கிள்ளினான். பன்னிரண்டு நாள் அப்படி ஓடியது. அவர்கள் வாழ்க்கையில் அவ்வளவு சிரித்த நாட்கள் வேறு இல்லை.

பதின்மூன்றாம் நாள், ஒரு வியாழக்கிழமை, மதியம் பன்னிரண்டரைக்கு வாசலில் அப்பாவின் வண்டிச் சத்தம் கேட்டது.

அண்ணன் பெட்டியை வயரோடு சுருட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளினான். அவள் டிவியை அணைத்தாள். கதவைத் திறந்தால் அப்பாவின் முகம் வேறு மாதிரி இருந்தது.

"கிளம்புங்க. பெரிய மாமா போயிட்டாரு. நெஞ்சு வலியாம். அம்மாவைக் கம்பெனியிலேயே கூட்டிக்கிட்டுப் போயிரலாம்."

அம்மாவின் ஒரே அண்ணன் அவர். என்ன ஏது என்று கேட்கக்கூட நேரமில்லை. அண்ணன் துணிகளைப் பைக்குள் திணித்தான்.

"ரேடியோ, அம்மாவோட ஊசி மருந்து ஃப்ரிட்ஜுல இருக்கும் பாரு. பிரிச்ச பாட்டில் ஒண்ணை மட்டும் எடுத்துக்கோ."

அம்மாவுக்குச் சர்க்கரை நோய். காலையும் மாலையும் தானே வயிற்றில் ஊசி போட்டுக்கொள்வாள். ரேடியோ சமையலறைக்குள் போய் ஃப்ரிட்ஜைத் திறந்தாள். உள்ளே விளக்கு எரியவில்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சுவிட்ச் மேலே சுவரில் இருந்தது. கை நீட்டினால் எட்டும். ஆனால் அப்பா சமையலறை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி. போட்டால் டக்கென்று சத்தம் கேட்கும். ஏன் அணைந்திருந்தது என்று கேட்பார்.

கதவுத் தட்டில் மூன்று பாட்டில்கள். பிரித்ததை எடுத்துக்கொண்டாள். பிரிக்காத இரண்டையும் பார்த்தாள். ஃப்ரிட்ஜை மூடிவிட்டு வெளியே வந்தாள்.

பஸ்ஸில் அண்ணன் காதில் சொன்னாள். அவன் முகம் வெளுத்தது. "வாயைத் திறந்தே, தொலைஞ்சோம். வந்ததும் நான் முதல்ல ஓடிப்போய் போட்டுடறேன். பால்தானே கெடும்?"

பால்தானே என்று அவளும் நினைத்துக்கொள்ளப் பார்த்தாள். மாமா வீட்டில் எல்லாரும் அழுதார்கள், அவளும் அழுதாள். எதற்கு அழுகிறோம் என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. வெயில் அந்த நான்கு நாளும் மண்டையைப் பிளந்தது. தகரக்கூரை போட்ட தங்கள் சமையலறை, ஜன்னல் சாத்தியபடி இப்போது எப்படிக் கொதிக்கும் என்று அவள் நினைத்து நினைத்துப் பார்த்தாள்.

திங்கட்கிழமை திரும்பி வந்தார்கள். சாவியை வாங்கிக்கொண்டு அண்ணன் உள்ளே ஓடினான். அப்பா செருப்பைக் கழற்றாமல் மீட்டர் முன்னால் நின்றார். நோட்டைப் பிரித்தார். மறுபடி மீட்டரைப் பார்த்தார். அவர் அவ்வளவு நேரம் அதன்முன் நின்று அவள் கண்டதில்லை.

"வியாழக்கிழமை காலையில எழுதினதுக்கு மேல நாலு புள்ளிதான் இருக்கு. நாலு நாளா ஃப்ரிட்ஜ் ஓடல."

"கரண்ட் போயிருக்கும்ப்பா," என்றான் உள்ளேயிருந்து வந்த அண்ணன்.

"போகல. போயிருந்தா எனக்குத் தெரியும்."

அம்மா வாசல்படியில் பையோடு நின்றிருந்தாள். அழுது வீங்கிய கண்களால் முதலில் மகனைப் பார்த்தாள், பிறகு மகளைப் பார்த்தாள். ஒரு நொடிதான் இருக்கும்.

"நான்தான் அணைச்சேன். ஐஸ் கட்டி கட்டியா நின்னுச்சு, கரையட்டும்னு வேலைக்குப் போறப்போ அணைச்சுட்டுப் போனேன். சாயங்காலம் வந்து போட்டுக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள..." என்று சொல்லி, புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

"அப்போ அந்த நாலு புள்ளி?"

"துணிக்கு இஸ்திரி போட்டேன்."

அப்பா அவளையே பார்த்தார். பிறகு நோட்டில் எதையோ எழுதி, மூடிப் பைக்குள் வைத்தார். "சரி," என்றார். அந்த 'சரி'யில் எதுவும் சரியாக இல்லை என்பது மூன்று பேருக்கும் புரிந்தது.

திரிந்த பாலையும் அழுகிய காய்களையும் அம்மா கொட்டினாள். பிரிக்காத மருந்து பாட்டில்களைக் கையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தண்ணீர் போலத் தெளிவாகத்தான் இருந்தன. திரும்ப வைத்தாள்.

அடுத்த வாரம் பழைய பாட்டில் தீர்ந்து புதியதைப் பிரித்தாள். அதன்பிறகுதான் அம்மாவுக்குத் தாகம் பிடித்தது. சொம்பு சொம்பாகக் குடித்தாள். வேலையிலிருந்து வந்ததும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவாள். வளையல்கள் முழங்கை வரை ஏறின. "கூடப் பிறந்தவரைப் பறிகொடுத்த துக்கம். நாளானா சரியாயிடும்," என்றார் அப்பா. பக்கத்து வீட்டுக்காரியும் அதையே சொன்னாள்.

ரேடியோ ஒவ்வொரு நாளும் பாட்டிலில் மருந்து எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்தாள். பேச்சு குறைந்துபோயிற்று. அம்மா பக்கத்தில் படுத்தால் அவள் மூச்சில் கனிந்து அழுகிய பழத்தின் வாசனை வந்தது. சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை அப்பாவின் நாற்காலி வரை போனாள். "என்ன?" என்று அவர் நிமிர்ந்ததும், "ஒண்ணுமில்ல," என்று திரும்பினாள்.

ஒரு காலை, தலை வாரிக்கொண்டிருந்த அம்மா சீப்பைக் கையில் பிடித்தபடியே சரிந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர் வெளியே வந்தார். "ஊசி ஒழுங்கா போட்டாங்களா?"

"ஒரு வேளைகூட விட்டதில்ல டாக்டர்."

"மருந்தை எங்க வெச்சிருந்தீங்க?"

"ஃப்ரிட்ஜுலதான்," என்றார் அப்பா. சொன்னவர் அப்படியே நின்றார். அவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது.

"நாலு நாள் அது அணைஞ்சிருந்துச்சு," என்றாள் ரேடியோ. "அம்மா அணைக்கல. நாங்கதான். மருந்து எடுக்கும்போதே எனக்குத் தெரியும்." மூன்று வாரமாக அடைத்துக்கிடந்த எல்லாம் கொட்டியது: பெட்டி, கேசட், புள்ளிக்குப் புள்ளி கழித்த கணக்கு, பஸ்ஸில் பேசியது. அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். டாக்டர் முழுவதையும் கேட்காமல் உள்ளே ஓடினார். அப்பா பெஞ்சில் உட்கார்ந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா மூன்றாம் நாள் கண் விழித்தாள். அன்று மாலை, கட்டிலருகே அவர்கள் இருவர் மட்டும் இருந்தபோது மகள் கேட்டாள்.

"அந்த மருந்து கெட்டுப்போயிருக்கும்னு உனக்குத் தெரியாதாம்மா?"

"சந்தேகம் இருந்துச்சு."

"அப்போ தூக்கிப் போட வேண்டியதுதானே?"

அம்மா கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "புதுசு வாங்கணும்னா, ஏன்னு கேப்பாரே."

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், அப்பா கட்டிலுக்கடியில் குனிந்து அந்தப் பெட்டியை வெளியே எடுத்தார். தூசி தட்டினார். எந்த வயர் எங்கே போகும் என்று தெரியாமல் அரைமணி நேரம் போராடி, தானே டிவியில் மாட்டினார். பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, பின்னால் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டார்.

"விளையாடுங்க."

"வேண்டாம்ப்பா."

"அம்மா உயிரைக் கொடுத்து வாங்கின விளையாட்டு. விளையாடுங்க. நான் பாக்கணும்."

திரையில் அந்தக் குட்டி மனிதன் பள்ளத்தில் விழுந்தான். மறுபடி எழுந்து நின்றான், மறுபடி விழுந்தான். கைப்பிடி வியர்வையில் வழுக்கியது. அப்பா திரையைப் பார்க்கவில்லை என்பதைத் திரும்பிப் பார்க்காமலே அவள் உணர்ந்தாள். பிடரியில் அவர் பார்வை ஊசி மாதிரி குத்தியது. இரண்டு மணி நேரம். மறுநாளும் வேலையிலிருந்து வந்ததும் இரண்டு மணி நேரம். ஆறாம் நாள் உள்ளறையிலிருந்து அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்துவந்து, பிளக்கைப் பிடுங்கினாள்.

"போதும். என்னைப் படுக்க வெச்சது இதுங்க மட்டும் இல்ல," என்றாள்.

அப்பா எழுந்து வெளியே போனார். இருட்டிய பிறகுதான் வந்தார். அதற்குப் பிறகு அவர் டிவியைப் பற்றி நல்லதாகவும் பேசவில்லை, கெட்டதாகவும் பேசவில்லை. யார் எதைப் பார்த்தாலும் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவார். சாகும்வரை அப்படித்தான் இருந்தார்.

ரேடியோவுக்கு இப்போது நாற்பத்துமூன்று வயது. பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருக்கிறாள். எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது என்று நாள் முழுக்க ஒலிபெருக்கியில் சொல்கிறாள். அம்மா அவளோடுதான் இருக்கிறாள். ஆஸ்பத்திரியில் போட்டுக்கொடுத்ததற்காக அண்ணன் அவளோடு பல வருடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவன் கல்யாணத்துக்குப் பிறகுதான் பழையபடி ஆனது.

போன மாதம் அவன் புது வீட்டுக்குப் போயிருந்தாள். அண்ணனும் அண்ணியும் வேலைக்குப் போயிருந்தார்கள். அண்ணன் மகள், பத்து வயதுப் பெண், கூடத்தில் புத்தகத்தை விரித்தபடி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ரேடியோ ஏதேதோ கேட்டுப் பார்த்தாள், தலையாட்டல்தான் பதில். "என்னடி, ஊமையாயிட்டியா? டிவியாவது போடேன், அத்தைக்குப் பொழுது போகட்டும்," என்று சிரித்தாள்.

பெண் உதட்டை அசைக்காமல் சொன்னாள்: "சத்தமா பேசாதீங்க அத்தை. அப்பாவுக்குக் கேக்கும்."

கூரை மூலையில் ஒரு சின்னக் கேமரா இருந்தது. பச்சைப் புள்ளி ஒன்று எரிந்துகொண்டிருந்தது. அடுத்த நிமிடம் ரேடியோவின் கைபேசி அடித்தது. அண்ணன்தான். "டிவி பழக்கம் இங்க இல்ல. நீ கெடுத்து வெச்சிராதே," என்றான், விளையாட்டாகச் சொல்வது போல.

"என்னடா, அப்பா மாதிரியே ஆயிட்டே?"

"அப்பா வெளிய நின்னு எண்ணை மட்டும்தான் பாத்தாரு. அதனாலதான் அப்படி ஆச்சு. நான் உள்ள என்ன நடக்குதுன்னு பாக்கறேன். என் வீட்ல அந்த மாதிரி ஒண்ணு நடக்காது," என்றான்.

அவன் கேலியாகச் சொல்லவில்லை. மனதார நம்பித்தான் சொன்னான்.

கிளம்பும்போது, வழியனுப்புகிற சாக்கில் பெண்ணைத் தெருவுக்குக் கூட்டிவந்தாள். தெருமுனை திரும்பியதும், "இங்க கேக்காது. சொல்லு," என்றாள். பெண் வீட்டுப் பக்கம் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள். முதலில் பள்ளிக்கூடத்தைப் பற்றி, பிறகு ஒரு சிநேகிதியைப் பற்றி, அப்புறம் குரலைத் தாழ்த்தி, வீட்டில் யாருக்கும் தெரியாமல் தான் மறைத்து வைத்திருக்கும் ஒன்றைப் பற்றி.

அத்தை சுவரோரமாகப் பையை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றாள். அவள் ஏற வேண்டிய பஸ் வந்து, நின்று, போனது.