கழுதைக்காரனின் பதினாறு பக்கங்கள்

என் ஓரகத்தி அழவே மாட்டாள் என்று எங்கள் வீட்டில் பெயர். மாமனார் இறந்த அன்று எல்லோரும் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்க, இவள் வந்தவர்களுக்கு நாற்காலி போதுமா என்று எண்ணிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் பார்த்ததில்லை என்று என் கணவரின் அண்ணன் ஒருமுறை பெருமையாகவும் கொஞ்சம் பயத்தோடும் சொன்னார். அப்பேர்ப்பட்டவள் ஒரு கழுதைக்காரனுக்காக அழுதாள். அதுவும் புத்தகத்தில் வருகிற கழுதைக்காரனுக்காக.

நாங்கள் ஒரே வீட்டில் கீழ்த்தளம், மேல்தளம். ஒரே நூலகத்தில் முன்னறை, பின்னறை. முன்னறையில் புத்தகம் கொடுத்து வாங்குவது நான். பின்னறையில் கிழிந்ததைத் தைத்து, ஒட்டி, அட்டை போடுவது அக்கா; ஓரகத்தியை நான் அப்படித்தான் கூப்பிடுவேன். நான் நிரந்தரம். அவள் பதினோரு வருடமாகத் தற்காலிகம். அவளை நிரந்தரமாக்கும் கோப்பு இந்த வருடம்தான் ஒருவழியாக நகர்ந்து, ‘பணியில் குறை ஏதும் இல்லை’ என்று தலைமை நூலகர் ஒரு சான்றில் கையெழுத்துப் போடுவது மட்டும் பாக்கி என்ற இடத்தில் வந்து நின்றது. தலைமை நூலகர் நல்ல மனிதர்தான். ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் பேனாவை மூடித் திறந்து, மூடித் திறந்து, ஒரு வாரத்தை ஓட்டிவிடுவார்.

அந்தக் கதைத் தொடரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சாபம் வாங்கிய அரியணை, பேசும் வாள், பனிமலைக்கு அப்பால் படுத்திருக்கும் ஒரு கிழட்டு டிராகன், நாடு கடத்தப்பட்ட இளவரசி. முதல் பாகமே எழுநூறு பக்கம். படிக்காதவர்களும் படித்ததாகச் சொல்லிக்கொண்ட புத்தகம் அது. ஆனால் யாருக்கும் இளவரசி மேல் பெரிய பிரியம் கிடையாது. எல்லோருக்கும் பிடித்தது அவளுடைய மூட்டைகளைக் கழுதையில் ஏற்றிக்கொண்டு கூடவே நடக்கும் கழுதைக்காரனைத்தான். எதற்கெடுத்தாலும் புலம்புவான். ‘உலகத்தைக் காப்பாத்தறதெல்லாம் இருக்கட்டும், என் கழுதைக்கு யார் தண்ணி காட்டறது’ என்று டிராகனிடமே கேட்டவன். அக்கா முதல் பாகத்தை நான்கு முறை தைத்தாள், ஐந்து முறை படித்தாள். வீட்டில் தண்ணீர்த் தொட்டி காலியானால்கூட அவன் வசனத்தைத்தான் சொல்வாள்.

ஆறு வருடம் காக்க வைத்து இரண்டாம் பாகம் வந்தது. எங்களுக்கு இரண்டு பிரதிகள். தடித்த புத்தகத்துக்கு அச்சகத்தில் போடும் தையல் நாலு பேர் கைக்குத் தாங்காது என்பதால், வெளியே விடுவதற்கு முன்பே அது அக்காவிடம் போய்விடும். பதினாறு பதினாறு பக்கமாக மடித்த கட்டுகள் சேர்ந்ததுதான் புத்தகம். ஒரு கட்டுக்குப் பாரம் என்று பெயர். அவள் பாரம் பாரமாகப் பிரித்து, மறுபடி இறுக்கித் தைத்துத் தருவாள். முதல் பிரதி மூன்று நாளில் வெளியே வந்தது. இரண்டாம் பிரதிக்குப் பதினேழு நாள் ஆனது. கேட்டால் பசை காயவில்லை என்றாள். பசை காய்ந்த லட்சணம் எனக்குத் தெரியும். தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பின்னறைக் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது.

பதினாறாம் நாள் கதவைத் தட்டினேன். கண் இரண்டும் வீங்கிப்போய்த் திறந்தாள்.

“என்னக்கா, யாருக்கு என்ன?”

“கொன்னுட்டான்டி. பாலத்து நடுவுல வெச்சுக் கொன்னுட்டான். கழுதை பார்த்துக்கிட்டே நிக்குது.”

கழுதை என்ற சொல் காதில் விழுந்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. நான் சிரித்துவிட்டேன். அதற்காக அவள் என்னோடு அன்று முழுக்கப் பேசவில்லை. மறுநாள் பசை காய்ந்துவிட்டது.

எங்கள் வாசகர் வட்டம் மாதத்தின் முதல் சனிக்கிழமை நாலு மணிக்குக் கூடும். இருபது பேர் வருவார்கள். பேசுவது இரண்டு பேர். ஒருவர் ஸ்கேல் சார். நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர்; சட்டைப் பையில் ஆறு அங்குல ஸ்கேல் இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. இன்னொருவர் மருந்துக்கடை அம்மா. அறுபத்து மூன்று வயதிலும் தன் கடையில் தானே நின்று மருந்து எடுத்துக் கொடுப்பவர். இரண்டு பிரதிகளும் சில மாதம் பல கை மாறிய பிறகு, ஒரு கூட்டத்தில் இரண்டாம் பாகத்தை எடுத்தோம்.

“எழுதினவன் கையை உடைக்கணும்,” என்று ஸ்கேல் சார் ஆரம்பித்தார். “ஆறு வருஷம் காத்துக்கிட்டு இருந்தது, அந்த மனுஷனைப் பாலத்துல வெட்டிப் போடறதைப் படிக்கவா?”

“எந்தப் பாலம்?” என்றார் மருந்துக்கடை அம்மா.

“என்னம்மா எந்தப் பாலம்ங்கறீங்க. அவன் செத்த பாலம்.”

“அவன் எங்க செத்தான்? யார்கிட்டயும் சொல்லிக்காம போயிட்டான். கழுதை மட்டும் மூட்டையோட தனியா வந்து நிக்குது. இளவரசி ஒரு வார்த்தை பேசல. நான் ரெண்டு தடவை படிச்சேன். அதுதான் சார் எழுத்து.”

ஸ்கேல் சார் பக்கம் ஏழு பேர், மருந்துக்கடை அம்மா பக்கம் ஆறு பேர். செத்தான், போனான், செத்தான், போனான் என்று அரை மணி நேரம் ஓடியது. நடுவில் ஒரு கல்லூரி ஆசிரியர் பாலம் என்பதே ஒரு குறியீடு என்றார். எல்லோரும் தலைமை நூலகர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் போன வாரம்தான் நூலகச் செய்தி மடலில் ‘சொல்லாமல் விட்டதன் பேரழகு’ என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தார். எந்தப் பாலம் என்று அவருக்கும் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல வாயும் வரவில்லை.

“பாலத்தை எல்லாராலயும் பார்த்துட முடியாது,” என்றார்.

சிலர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். நான் வாசல் பக்கம் பார்த்தேன். வட்டத்துக்கு ஒருநாளும் வராத அக்கா, கையில் பசைத் தூரிகையோடு கதவோரம் நின்றாள். முதல் தடவையாகத் திருட்டு முழி என்றால் என்னவென்று அவள் முகத்தில் பார்த்தேன்.

பின்னறைக்குப் போய், “எங்க அது?” என்று மட்டும் கேட்டேன். இழுப்பறையைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள். பதினாறு பக்கம். தூக்கிப் போட மனமில்லாமல் தனியாகத் தைத்து, மீந்த துணியில் அட்டையும் போட்டு வைத்திருந்தாள், மகராசி.

“அறுநூத்தி ஒன்பதுல அத்தியாயம் ஆரம்பிக்குது, அறுநூத்தி இருபத்தி நாலுல முடியுது,” என்றாள். “சரியா ஒரு பாரம். ஒரு பக்கம் முன்னப்பின்ன இருந்திருந்தா கைய வெச்சிருக்க மாட்டேன்.”

“பக்க எண்ணை யாரும் பார்க்க மாட்டாங்க, சரி. பொருளடக்கத்துல அந்தத் தலைப்பு இருக்குமே.”

“அது மேல தேதிச் சீட்டை ஒட்டிட்டேன்.”

நான் தலையில் அடித்துக்கொண்டேன். நூலகப் புத்தகத்தைச் சேதப்படுத்தினால் வாசகருக்கே உறுப்பினர் அட்டை பறிபோகும். நூலகத்தில் வேலை பார்ப்பவள் செய்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லவில்லை. பதினோரு வருடமும் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அந்த மேஜை மேல்தான் கிடந்தது.

ஸ்கேல் சார் சும்மா விடுகிற ஆள் இல்லை. அடுத்த கூட்டத்தில் இரண்டு பிரதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்து பார்த்துவிட வேண்டும் என்று எழுதியே கொடுத்துவிட்டார். இரண்டாம் பிரதியோ மருந்துக்கடை அம்மாவின் வீட்டில். மூன்றாம் தடவை படிக்கிறாராம். நான் நினைவூட்டல் அட்டை அனுப்பினேன், போன் செய்தேன், இல்லாத தலைவலிக்கு அவர் கடையில் மாத்திரை வாங்கப் போய்க் கேட்டேன். “சனிக்கிழமை கொண்டு வரேன்மா,” என்றார். கொண்டு வந்தபோது மணி இரண்டு. கூட்டம் நாலு மணிக்கு.

அந்த இரண்டு மணி நேரத்தில் அக்கா வேலை செய்ததைப் பார்த்திருக்க வேண்டும். முதுகைப் பிரித்து, பாரத்தை உள்ளே வைத்து, நூல் கோத்து இழுத்து, பசை தடவி, ஈரத் துணியால் தேதிச் சீட்டை உரித்தெடுத்து வேறு பக்கத்தில் ஒட்டினாள். நான் செய்தித்தாளை மடித்து விசிறினேன். நாலு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது புத்தகத்தை மேஜையில் கொண்டுபோய் வைத்தேன்.

ஸ்கேல் சார் இரண்டையும் அளந்தார். ஒரே தடிமன். அறுநூற்று ஒன்பதைத் திறந்தார். அட்சரம் பிசகாமல் இருந்தது. பாலம், வாள், கழுதை எல்லாம். ஜெயித்த சந்தோஷத்தோடு புத்தகத்தை மருந்துக்கடை அம்மாவிடம் நீட்டினார்.

“இப்ப படிங்கம்மா. மூணு தடவை படிச்சீங்களே.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், தப்பித்தோம் என்ற சிரிப்பு. மருந்துக்கடை அம்மா படித்தார். மெதுவாக, ஒவ்வொரு பக்கமாக. பாதியில் கண்ணாடியைக் கழற்றினார். அழுகிறாரோ என்று பார்த்தேன். இல்லை. முகம் வெளிறிப்போயிருந்தது.

“இதை நான் படிச்சதே இல்ல,” என்றார். “ஒரு வரிகூட ஞாபகத்துல இல்ல.”

“வயசாச்சில்ல,” என்று யாரோ சொன்னார்கள்.

“எங்க அக்காவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. கடைசியில பெத்த பிள்ளையையே யாருப்பா நீன்னு கேட்டா.” கூட்டத்தில் சிரிப்பு நின்றுபோனது. அவர் எங்களிடம் பேசவில்லை, மேஜையிடம் பேசினார். “நான் மருந்து எடுத்துக் குடுக்கறவ. பதினாறு பக்கம் மறந்துபோச்சுன்னா, நாளைக்கு நான் எப்படிக் கடையைத் திறக்கறது?”

வாயைத் திறந்தால் அக்காவின் வேலை போகும். திறக்காவிட்டால் இந்த அம்மா வீட்டுக்குப் போய்ச் சாவியை மகனிடம் கொடுத்துவிடுவார். நான் திறக்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

“அம்மா, உங்களுக்கு ஒண்ணும் இல்ல,” என்று வாசலில் இருந்து அக்காவின் குரல் வந்தது. “அந்தப் பக்கம் எல்லாம் நீங்க படிச்சப்ப புத்தகத்துல இல்ல. நான்தான் எடுத்துட்டேன். ரெண்டு மணிக்குத்தான் திருப்பித் தெச்சேன். முதுகைத் தொட்டுப் பாருங்க, பசை ஈரமா இருக்கும்.”

மருந்துக்கடை அம்மா தொட்டுப் பார்த்தார். விரலை முகர்ந்தும் பார்த்தார். அப்புறம் நாற்காலியில் சாய்ந்து ஒரு பெருமூச்சு விட்டார்.

“அப்ப அவன் நிஜமாவே செத்துட்டானா?”

“செத்துட்டான்மா.”

“நல்லதாப் போச்சு,” என்றார். சொல்லிவிட்டு அழுதார், சிரித்தார், அக்காவின் பசைக்கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

“எதுக்கும்மா எடுத்தீங்க?” என்றார் ஸ்கேல் சார். அவர் குரலில் கோபம் கொஞ்சம்தான் இருந்தது.

“மனசு கேக்கல சார். இவங்களை இப்படிப் பயமுறுத்தும்னு நெனச்சிருந்தா தொட்டிருக்க மாட்டேன்.”

தலைமை நூலகர் பேனாவைத் திறந்தார். நடந்ததை அறிக்கையாக எழுதி மேலிடத்துக்கு அனுப்புவது அவர் கடமை. எழுதினால், அந்த இரண்டாம் பிரதியை முதன்முதலில் வாங்கிப் போனது யார் என்று மேலிடம் கேட்கும். பதிவேட்டில் முதல் கையெழுத்து அவருடையது. கூடவே ‘சொல்லாமல் விட்டதன் பேரழகு’ வேறு எல்லா நூலகங்களுக்கும் தபாலில் போயாகிவிட்டது. அவர் பேனாவை மூடினார்.

“நீங்க சொன்னது சரிதான் சார்,” என்றார் ஸ்கேல் சார் மிகவும் பணிவாக. “பாலத்தை எல்லாராலயும் பார்த்துட முடியாது.”

ஒன்பது நாள் பேனா மூடித் திறந்தது. பத்தாம் நாள் சான்றில் கையெழுத்து விழுந்தது: பணியில் குறை ஏதும் இல்லை. வாய்மொழியாக மட்டும் ஓர் உத்தரவு. இனி பின்னறையிலிருந்து வரும் ஒவ்வொரு புத்தகத்தையும் பாரம் பாரமாக எண்ணி வாங்க வேண்டியது நான். ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஓரகத்திக்கு ஓரகத்தியைக் காவல் போட்ட பெருமை அவரைத்தான் சேரும்.

நிரந்தர உத்தரவு கைக்கு வந்த மறு திங்கட்கிழமை காலை, ஸ்கேல் சார் ஒரு துணிப்பையோடு பின்னறை வாசலில் நின்றார். உள்ளே இரண்டாம் பாகம், அவர் சொந்தக் காசில் வாங்கியது.

“என் வீட்டுக்காரி படிக்கிறா,” என்றார். “அவளுக்கும் அவன்னா உசுரு. இன்னும் அங்க போகல. இது நூலகத்துப் புத்தகம் இல்ல. விதி ஒண்ணும் குறுக்க நிக்காது.” குரலைத் தாழ்த்தினார். “அந்தப் பாரம்…”

அக்கா புத்தகத்தை வாங்கிப் புரட்டினாள். கை பிளேடு பக்கம் போனதை நான் பார்த்தேன். சுவரில் பார்க்க ஒன்றும் இல்லாவிட்டாலும் நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன்.

“உங்க வீட்டம்மா இதைப் பத்தி யார்கிட்டயாவது பேசுவாங்களா சார்?”

“பேசாம? பக்கத்து வீட்டம்மாவும் படிக்கிறாங்க. ரெண்டு பேரும் மாடிக்கு மாடி இதேதான் பேச்சு.”

“அப்ப வேணாம் சார்,” என்று அக்கா புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாள். “அந்தப் பக்கம் வர்றப்ப நீங்க வீட்டுல இருங்க, போதும்.”

அவர் புத்தகத்தை வாங்கி மேஜையில் வைத்தார். பிறகு ஸ்கேலை எடுத்து, அடையாளம் வைத்த இடம்வரை அளந்து, உதட்டுக்குள் கணக்குப் போட்டார்.

“சாயங்காலம்தான் படிப்பா, ஒரு நாளைக்கு இருபத்திரண்டு பக்கம். நேத்து ஐந்நூத்தி இருபதுல நிறுத்தினா. வெள்ளிக்கிழமை வரும்.”

செய்தித்தாள் மேஜையில் ஜன்னலோர நாற்காலி ஸ்கேல் சாருடையது. நாலு மணியிலிருந்து ஆறு மணிவரை வேறு யாரும் அதில் உட்கார மாட்டார்கள். வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு அக்கா பின்னறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். நாற்காலி காலியாக இருந்தது. அவள் உள்ளே போய் அடுத்த புத்தகத்தைப் பிரித்தாள்.