பஸ்ஸுக்கு ஒரு பொந்த

சும்மா உட்கார் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். டாக்டர் படுத்தே இருக்கச் சொன்னது என் மனைவியைத்தான், என்னை அல்ல. அவளுக்காகத் திருப்பதியில் ஆஸ்பத்திரிக்குப் பக்கமாக வீடு பிடித்திருந்தோம். லீவு நாளில் கட்டிலுக்கும் வாசலுக்குமாக நடப்பேன். ஃபேனைத் துடைப்பேன். துடைத்ததையே மறுபடி துடைப்பேன்.

போன தடவை ஐந்தாம் மாதமே கொசுவலை, தொட்டில் துணி, சின்னச் சொக்காய் எல்லாம் வாங்கி அடுக்கினோம். குழந்தை தங்கவில்லை. இந்தத் தடவை மாமியார் கறாராகச் சொல்லிவிட்டார்: "பொறக்கிற வரிக்கும் ஒரு கைக்குட்டகூட வாங்கி வெக்காதீங்க மாப்ள." என் மனைவி அதற்கும் ஒரு படி மேலே போனாள். குழந்தை என்ற பேச்சையே எடுப்பதில்லை. ஸ்கேன் எடுத்து வந்தால், "எல்லாம் நல்லா கீதாம்" என்பாள், அவ்வளவுதான். அதற்குமேல் கேட்க எனக்கும் பயமாக இருந்தது.

வாங்கத்தானே கூடாது? பீரோவில் என் பழைய டி-ஷர்ட்டுகள் குவிந்து கிடந்தன. காலேஜில் போட்டது, ஊரில், நகரியில், கிரிக்கெட் ஆடியது, ஃபேக்டரியில் பாதுகாப்பு வாரத்துக்குக் கொடுத்த மஞ்சள் டி-ஷர்ட். பழந்துணிகளை அடுக்கித் தைக்கும் விரிப்பைத் தெலுங்கில் பொந்த என்பார்கள். எங்கள் வீட்டுத் தமிழிலும் அதுதான் பெயர். கத்தரியை எடுத்துவிட்டேன்.

பனியன் துணியோடு மல்லுக்கட்ட முடியாது. வெட்டினால் ஓரம் சுருண்டது, இழுத்தால் சதுரம் கோணிக்கொண்டது. கடைசியில் சட்டைக் காலருக்கு வைக்கிற கேன்வாஸை வாங்கிவந்து, பின்னால் வைத்து இஸ்திரி போட்டு ஒட்டினேன். கேன்வாஸ் வாங்கியதுகூடக் குழந்தைக்கு வாங்கினதாக ஆகிவிடுமோ என்று வழியெல்லாம் மண்டையைக் குடைந்தது.

கட்டிலில் இருந்தபடியே அவள் கேட்டாள். "இன்னா தச்சிக்கினு கீறீங்க?"

"எனக்குத்தான். கம்பெனி பஸ்ல ஏசி ஜாஸ்தி. போத்திக்கலாம்னு."

வாங்கி விரித்துப் பார்த்தாள். அது என் முழங்காலைக்கூட மூடாது. மடித்துக் கொடுத்துவிட்டாள். எனக்கு எரிச்சலாக வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

ஒன்பதாம் மாதச் செக்கப்புக்குக் கிளம்பிய அன்று ஆட்டோ வரத் தாமதமானது. நான் கடைசி ஓரத்தைத் தைத்துக்கொண்டிருந்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து பொந்தயைத் தடவிக்கொண்டே வந்தவள், மஞ்சள் சதுரத்தில் கையை நிறுத்தினாள். அதில் அச்சடித்த எழுத்துகள் ரப்பர் மாதிரி தடித்திருந்தன. நகத்தால் சுரண்டினாள்.

"இத்த எடுத்துடுங்க."

"ஏன், நல்லாத்தானே கீது?"

"பாப்பா மூஞ்சில உறுத்தும்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது. எனக்குப் பயமும் சந்தோஷமும் சேர்ந்தே வந்தன. பேசினால் கெட்டுவிடும் என்று தோன்றியதால், பிளேடை எடுத்து அந்தச் சதுரத்தின் தையலைப் பிரிக்க ஆரம்பித்தேன்.

அவள் அடுத்த சதுரத்தில் விரலை வைத்தாள். "இங்கயும் தடிப்பா கீது பாருங்க."